ஆண்டுக்குப் பதினொரு கட்டுரை, ஏழாண்டுக்கு ஒரு புத்தகம்

கேள்வி, 2025 ஜனவரி 16

எங்கள் கல்லூரியில் வேதியியல் துறைக்காரர் ஒருவர் போன ஆண்டு மட்டும் 11 கட்டுரை வெளியிட்டிருக்கிறார். அதே வளாகத்தில் தமிழ், வரலாறு இரண்டு துறையையும் சேர்த்தாலும் அந்த எண்ணிக்கை வரவில்லை. சம்பளம் ஒன்றுதான். கலைத்துறை ஆட்கள் எழுதச் சோம்பல்படுகிறார்கள் என்று சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

2025 ஜனவரி 17, இரவு

சண்டைக்கு வருகிற ஆட்களில் நானும் ஒருத்தி. அரசுக் கலைக் கல்லூரியில் 19 ஆண்டாகத் தமிழ் நடத்துகிறேன். என் தம்பி வேதியியல். வெளிமாநிலத்தில் ஒரு லேபில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தவனுக்கும் எனக்கும் நடந்த சண்டையும் இதேதான். அதனால் பதில் சூடாகவே இருக்கிறது.

முதலில், அந்த 11 கட்டுரையை எடுத்து ஒவ்வொன்றிலும் எத்தனை பெயர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் தம்பியின் பட்டியலை வாங்கி எண்ணினேன். ஐந்துக்குக் குறைந்து ஒன்றுகூட இல்லை. "இதில் நீ எழுதியது எது?" என்று கேட்டேன். விழித்தான். அவர்கள் ஊரில் "எழுதினேன்" என்பதே அவ்வளவாகப் புழங்காத சொல் போலிருக்கிறது. "பண்ணினேன்" என்கிறான். ஒருவர் பொருளைத் தயாரிப்பார், ஒருவர் அளப்பார், ஒருவர் கணக்குப் போடுவார், இன்னொருவர் உட்கார்ந்து ஆங்கிலத்தில் கோப்பார். முதல் பெயர் கையை அழுக்காக்கிக்கொண்டவர், கடைசிப் பெயர் லேபுக்குத் தலைவர். நடுவில் இருப்பவர்களின் வரிசைக்குத்தான் மனத்தாங்கல் எல்லாம்.

கல்யாணப் பத்திரிகைதான் இது. யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே, எந்தச் சித்தப்பாவை விட்டுவிட்டோம் என்று நம் வீடுகளில் நடக்கிற அதே பஞ்சாயத்து. 2015இல் ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறை பற்றி ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தின் இரண்டு குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். மொத்தம் 33 பக்கம். அதில் 24 பக்கம் பெயர்களும் அவர்களின் நிறுவனங்களும். "தங்கள் நல்வரவை விரும்பும்" பகுதி மட்டும் 24 பக்கம் ஓடுகிற பத்திரிகையை நினைத்துப் பாருங்கள்.

என் கட்டுரையில் ஒரு பெயர். தப்பு இருந்தாலும் அந்த ஒரு பெயருக்குத்தான் திட்டு.

2025 ஜனவரி 17, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து

மேலே அறிவியல்காரர்கள் எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்து அடித்துவிட்டேன். கணிதக்காரர்கள் பெயரை அகரவரிசையில்தான் போடுவார்கள், அதில் முதல் கடைசி என்று அர்த்தம் எதுவும் இல்லை. அவர்களின் கட்டுரையும் எங்களுடையது போல ஒருவர் இருவர் எழுதுவது. மதிப்பீட்டுக்கு (அச்சிடும் முன் அதே துறைக்காரர்கள் படித்துப் பார்ப்பது) போனால் ஆண்டுக்கணக்கில் உட்காரும். கட்டடம் அறிவியல் பக்கம், பழக்கவழக்கம் எங்கள் பக்கம்.

2025 ஜனவரி 18

ஆசிரியர் பதவிகளுக்குப் பார்க்கிற புள்ளிக் கணக்குக்கு வருவோம். இதைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பொங்கலன்று சாப்பாடு இறங்கவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2018 விதிமுறையில் ஒரு அட்டவணை உண்டு. ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றுக்கு அறிவியலுக்கு 8 புள்ளி, மொழி மற்றும் கலைத்துறைக்கு 10. பார்த்தவுடன் நமக்குத்தான் சலுகை என்று தோன்றும். கீழே படியுங்கள். இதழுக்கு இம்பேக்ட் ஃபேக்டர் (அதன் கட்டுரைகளை எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்று சொல்லும் எண்) இருந்தால் தனிப்படி உண்டு: 1க்குக் கீழே 10, ஒன்றிலிருந்து இரண்டு வரை 15, ஐந்து வரை 20, பத்து வரை 25, அதற்கு மேல் 30. தமிழில் வரும் ஆய்விதழ் எதற்காவது இம்பேக்ட் ஃபேக்டர் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. புத்தகத்துக்கு, வெளிநாட்டுப் பதிப்பகம் என்றால் 12, உள்நாட்டுப் பதிப்பகம் என்றால் 10.

தம்பியின் ஒரு கட்டுரையை எடுத்தேன். இதழின் இம்பேக்ட் ஃபேக்டர் ஆறு சொச்சம். 8 கூட்டல் 25, ஆக 33. இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து எழுதியது, இவன் நாலாவது ஆள், அதனால் முப்பது விழுக்காடு: 9.9.

கல்வெட்டுகளில் வரும் நில அளவைச் சொற்கள் பற்றி ஏழு ஆண்டு உழைத்து ஒரு புத்தகம் போட்டேன். குழி, மா, வேலி, கோல் என்று ஊர் ஊராக அளவு மாறும். ஒரே கோயிலில் இரண்டு சுவரில் இரண்டு கோல். சென்னைப் பதிப்பகம். 10 புள்ளி.

0.1 புள்ளியில் அக்கா ஜெயித்தேன்.

பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியராக நேரடியாகப் போக 75 புள்ளி வேண்டும். என் வேகத்தில் ஏழரைப் புத்தகம், ஐம்பத்திரண்டரை ஆண்டு.

2025 ஜனவரி 20

ஐம்பத்திரண்டரை ஆண்டு என்றது கொஞ்சம் நாடகம் என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். சரிதான். பிஎச்.டி. முடித்துக் கொடுத்தால் ஒரு மாணவருக்கு 10 புள்ளி உண்டு. நூல் மொழிபெயர்ப்புக்கு 8 உண்டு. அதையெல்லாம் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன்.

தம்பியும் படித்துவிட்டுக் கூப்பிட்டான். "நாலாவது ஆள்னு கேலி பண்றீங்க அக்கா, அந்த ஒரு வரைபடத்துக்காக மூணு தீபாவளி வீட்டுக்கு வரல, ஞாபகம் இருக்கா?" இருக்கிறது. அம்மா முறுக்கை டப்பாவில் போட்டு அஞ்சலில் அனுப்பினாள், போய்ச் சேரும்போது மாவாகத்தான் சேர்ந்தது. அந்த மூன்று ஆண்டில் பண்ணியதில் முக்கால்வாசி தோற்ற சோதனைகள். தோற்றதை எந்த இதழும் போடாது. எங்கள் துறையில் அப்படி இல்லை. ஏட்டைத் தேடிப் போய்க் கிடைக்கவில்லை என்றாலும் "இன்ன மடத்தில் தேடினேன், செல் அரித்துவிட்டது" என்று ஒரு பக்கம் எழுதலாம், அதையும் வாசிப்பார்கள். அவன் பக்கம் அந்த வசதி கிடையாது. இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

2025 ஜனவரி 26

விடுமுறை நாள். கேள்வி கேட்டவர் திரும்பவும் வந்து, "பெயர்க் கணக்கு சரி, ஆனாலும் ஏன் ஏழு ஆண்டு?" என்கிறார்.

இதற்குப் பக்க எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். தம்பியின் கட்டுரையில் மேற்கோள் என்றால் வரி நடுவே ஒரு எண், கடைசியில் பட்டியல். பட்டியலில் கட்டுரை எங்கே இருக்கிறது என்று இருக்கும்; அதற்குள் எந்த வரி என்று இருக்காது. "14இல் சொன்னபடி" என்றால் முடிந்தது. அங்கே வேண்டியது முடிவு மட்டும், அதை அவர் என்ன சொல்லில் சொன்னார் என்பதைப் பற்றிக் கவலை இல்லை. நான் அப்படிச் செய்தால் என் கைடு (இப்போது இல்லை, கோபக்காரர்) கட்டுரையைத் தூக்கி எறிந்திருப்பார். எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு, எந்தப் பக்கம், அந்த இடத்தில் பாடபேதம் (ஏட்டுக்கு ஏடு சொல் மாறுவது) உண்டா? அடிக்குறிப்பு பாதிப் பக்கத்தைத் தின்னும். ஒரு சொல்லை அவர் எப்படிப் படித்தார் என்பதில்தான் என் வழக்கே நிற்கிறது, அதனால் அந்தச் சொல் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் உங்களை நிறுத்த வேண்டும்.

ஐராவதம் மகாதேவனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரி. தமிழ்-பிராமி என்ற பழைய எழுத்தில் உள்ள குகைக் கல்வெட்டுகளின் தொகுப்பை 1966இலேயே வெளியிட்டார். லேபுக்காரர்கள் கணக்கில் அத்தோடு வேலை முடிந்தது. அவருக்கு முடியவில்லை. நடுவில் சிந்து எழுத்துகளுக்குப் போய் 1977இல் அதற்கொரு பெரிய அட்டவணை நூல் போட்டார். 1990களில், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, குகை குகையாக மறுபடி ஏறி, தான் முன்பு படித்ததையே மறுபடி படித்துத் திருத்தினார். பெரிய நூல் 2003இல் ஹார்வர்டு பல்கலைக்கழக நூல் வரிசையில் வந்தது, சென்னையின் க்ரியா பதிப்பகமும் சேர்ந்து வெளியிட்டது. 2014இல் திருத்திய பதிப்பு. யாராவது வந்து "ஆண்டுக்கு எத்தனை?" என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

அவர் தலைமேல் வைத்துக்கொண்டாடிய கட்டுரை ஒன்று உண்டு. குகைகளில் இருப்பது தமிழ்தான் என்று கல்வெட்டு அறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் சென்னையில் நடந்த கீழ்த்திசை மாநாட்டில் படித்தது. நூறு ஆண்டு ஆகிறது. இன்றும் இந்தப் பொருளில் எழுதுகிற யாரும் அதைத் தொடாமல் போக முடியாது.

இப்போது இம்பேக்ட் ஃபேக்டருக்கு வாருங்கள். ஓர் இதழ் கடந்த இரண்டு ஆண்டில் வெளியிட்ட கட்டுரைகளை இந்த ஆண்டு எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. இரண்டே ஆண்டு. 1924ஆம் ஆண்டுக் கட்டுரையை நான் இன்று நூறு முறை மேற்கோள் காட்டினாலும் கணக்கில் பூஜ்யம். யூஜின் கார்ஃபீல்டு என்கிற தகவல் அறிவியல்காரர் தன் மேற்கோள் அட்டவணையில் எந்த இதழ்களைச் சேர்க்கலாம் என்று பார்க்கத்தான் இந்த எண்ணை உருவாக்கினார். இதழை அளக்கச் செய்த அளவுகோலால் ஆளை அளந்துகொண்டிருக்கிறோம். கலைத்துறை மேற்கோள் அட்டவணையில் உள்ள இதழ்களுக்கு 2023 வரை அந்த எண்ணையே தராமல்தான் இருந்தார்கள். அந்த மட்டுக்கும் அவர்களுக்கே கூச்சம் இருந்திருக்கிறது.

2025 பிப்ரவரி 2

தம்பியின் கட்சி: "எங்களுக்கு அவசரம் அக்கா. இன்னொருத்தன் முந்திட்டா நாங்க பண்ணது வேஸ்ட்."

அதனால்தான் அச்சுக்குக்கூடக் காத்திருப்பதில்லை. பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் 1991இல் லாஸ் அலமோஸில் தொடங்கிய ஆர்க்கைவ் தளத்தில் கட்டுரையைப் போட்டுவிடுவார்கள், தேதி பதிவாகிவிடும், இதழ் பின்னால் வரட்டும். பெரெல்மான் என்ற ரஷ்யக் கணிதக்காரர் 2002, 2003இல் மூன்று கட்டுரையை அங்கே போட்டார். எந்த இதழுக்கும் அனுப்பவே இல்லை. 2006இல் கணிதத்தின் பெரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் தேடிப் போனது, அதையும் வேண்டாம் என்றுவிட்டார். நம்மூரில் அவர் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்திருந்தால் "இதழ்ப் பிரதி இணைக்கப்படவில்லை" என்று கோப்பு திரும்பியிருக்கும்.

எங்கள் துறையில் இந்தப் பந்தயம் கிடையாது. நான் புறநானூற்றில் ஒரு சொல்லைப் பத்து ஆண்டு கையில் வைத்திருந்தாலும் யாரும் ஓடிவந்து பிடுங்கப் போவதில்லை.

(திருத்தம்: இதைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். பிப்ரவரி 19 குறிப்பைப் பாருங்கள்.)

2025 பிப்ரவரி 12

நேற்று யூஜிசி அறிவிப்பு வந்துவிட்டது. ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் எவை என்று சொல்லிவந்த 'கேர்' பட்டியல் இனிமேல் இல்லையாம். எந்த இதழ் நல்ல இதழ் என்று பல்கலைக்கழகங்களே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அந்தப் பட்டியலின் கதை தெரியாதவர்களுக்கு: அதற்கு முந்தைய பட்டியலில் போலி இதழ்கள் அவ்வளவு புகுந்துவிட்டன. 2018 மே மாதம் ஒரே அறிவிப்பில் 4,305 இதழ்களை நீக்கினார்கள். அதற்குப் பிறகு 2019இல் 'கேர்' வந்தது. ஆறாண்டுகூட முழுசாக ஆகவில்லை.

சந்தோஷப்படுவதா பயப்படுவதா தெரியவில்லை. பட்டியல் இருந்தபோது தமிழ் இதழ் ஒன்று உள்ளே வருவதே பாடாக இருந்தது. இப்போது வாசல் திறந்துவிட்டது. யார் யார் நுழைவார்கள் என்பதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. நான் கெட்டுப்போன கதையைச் சொல்கிறேன்.

ஆறேழு ஆண்டுக்கு முன் ஒரு 'பன்னாட்டுக் கருத்தரங்கம்'. பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய், மதியச் சாப்பாடு, பை, சான்றிதழ், ஐஎஸ்பிஎன் போட்ட தொகுப்பில் கட்டுரை. பன்னாடு என்பதற்கு இலங்கையிலிருந்து ஒருவர் வந்திருந்தார், பாவம், அவருக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். எனக்குப் புள்ளி வேண்டியிருந்தது. தலையாலங்கானத்துப் போர் பற்றிய ஒரு கட்டுரையைக் கொடுத்தேன், 61 அடிக்குறிப்போடு. டிடிபி செய்தவர் எழுத்துருவை மாற்றியதில் அடிக்குறிப்பு முழுக்கப் போய்விட்டது. போனால் போகட்டும், குறிப்பு எண்கள் மட்டும் போகாமல் கீழே இறங்கிச் சொல்லோடு ஒட்டிக்கொண்டன. "புறம் 19" என்று எழுதி இரண்டாம் அடிக்குறிப்பு கொடுத்திருந்தேன். அச்சில் "புறம் 192".

தமிழ் படித்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்கு: 19 என்பது தலையாலங்கானத்துப் போர்க்களத்தைக் குடபுலவியனார் பாடிய பாட்டு. 192 கணியன் பூங்குன்றனார். யாதும் ஊரே என்று சொன்ன மனிதரைக் கொண்டுபோய்ப் பாண்டியன் போருக்குச் சாட்சி சொல்ல நிறுத்தியிருக்கிறேன், என் பெயர் போட்டு.

மெய்ப்பு காட்டினார்களா என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை, சான்றிதழை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அதில் என் பங்கும் உண்டு.

2025 பிப்ரவரி 13

தம்பி கேட்டான்: "திருத்தம் போடச் சொல்ல வேண்டியதுதானே?" அவர்களுக்கு அது சாதாரணம். இதழுக்கு எழுதினால் திருத்தக் குறிப்பு வரும், இணையத்தில் மூலக் கட்டுரையோடு அதைக் கோத்தும் வைப்பார்கள். முழுசாகப் பொய் என்றால் கட்டுரையைத் திரும்பப் பெறுவார்கள். பிழையைப் பார்த்த அன்றே நான் தொகுப்பாசிரியருக்குப் போன் செய்தேன். "மறுபதிப்புல பார்த்துக்கலாம் மேடம்" என்றார். கருத்தரங்கத் தொகுப்புக்கு மறுபதிப்பு!

பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில் 'பிழை – திருத்தம்' என்று இரண்டு பத்தியாக ஒரு பக்கம் இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம். எங்கள் தாத்தா புத்தகம் வாங்கினால் முதல் வேலையாகப் பென்சிலை எடுத்து அதை உள்ளே ஏற்றிவிட்டுத்தான் படிக்க ஆரம்பிப்பார். அந்தப் பக்கத்தை எப்போது கைவிட்டோம் என்று தெரியவில்லை.

2025 பிப்ரவரி 19

இன்று உ.வே.சா. பிறந்த நாள். கல்லூரியில் மாலை போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன், பிப்ரவரி 2 குறிப்பில் விட்ட புளுகை ஒத்துக்கொள்வதற்காக.

எங்கள் துறையில் பந்தயம் கிடையாது என்றேன். சீவக சிந்தாமணியை அவர் பதிப்பிக்க முயன்றுகொண்டிருந்தபோது, சி.வை. தாமோதரம் பிள்ளையும் அதைப் பதிப்பிக்க ஆசைப்பட்டார், ஏடுகளைத் தன்னிடம் கொடுக்கும்படி கேட்டார். பிள்ளை அப்போதே பெயர் பெற்ற பதிப்பாசிரியர்; இவர் கும்பகோணம் கல்லூரியில் வாத்தியார். கொடுக்க மனமில்லாமல் இவர் பட்ட அவதி பந்தயம் இல்லாமல் வேறென்ன? அந்தக் காலத்தில் ஒரு நூலை இரண்டு பேர் அச்சிடுவதற்குப் பணமும் கிடையாது, வாங்குவதற்கு ஆளும் கிடையாது. முந்தினவர் முந்தினவர்தான்.

அவரே மாணவர், அவரே எழுத்தர், அவரே மெய்ப்புத் திருத்துபவர். 1880இல் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்ததில் தொடங்கியது, 1887இல் நூல் வந்தது. ஏழு ஆண்டு. (அவரோடு என்னை ஒப்பிடவில்லை, அடிக்க வராதீர்கள். எண் பொருந்தியது, அவ்வளவுதான்.) அப்புறமும் கிடைத்த ஏடுகளைப் பார்த்துத் திருத்தி 1907இல் இரண்டாம் பதிப்பு. நம் அட்டவணையில் இதற்கு எந்த வரிசை? சுவடிப் பதிப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. உள்நாட்டுப் பதிப்பகத்தின் புத்தகம், 10 புள்ளி. சொந்தமாக அச்சிட்டது என்று அதையும் மறுத்திருப்பார்கள்.

பணம் எப்படிப் புரட்டினார்? கையொப்பம். நூல் வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே கையெழுத்துப் போடுகிறவர்களைத் தேடி அலைந்தார். அதாவது படிக்கிறவர்கள் முன்பணம் தந்து நூலை வரவழைத்தார்கள். தம்பி ஊரில் இப்போது எதிர்த்திசை. எல்லோரும் இலவசமாகப் படிக்க வேண்டுமென்றால் எழுதுகிறவர் பணம் கட்ட வேண்டும். நேச்சர் என்ற அறிவியல் இதழ் 2020இல் அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. அவன் லேப் அந்தப் பக்கமே போகாது, ஆனால் அதில் கால்வாசி கேட்கும் இதழ்களுக்கு ஆய்வு நிதியில் இடம் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆய்வு நிதி என்பது பஸ் பாஸ்.

நியாயமாகச் சொன்னால் எங்கள் பக்கத்திலும் நல்லது நடக்கிறது. கலைத்துறை இதழ்களுக்கென்று பிரிட்டனில் 2015இல் தொடங்கிய திறந்த நூலகம் ஒன்று எழுதுகிறவரிடமும் வாங்குவதில்லை, படிக்கிறவரிடமும் வாங்குவதில்லை. நூலகங்கள் சேர்ந்து செலவை ஏற்கின்றன. இங்கே ஜனவரியிலிருந்து 'ஒரு நாடு ஒரு சந்தா' (அரசு மொத்தமாகச் சந்தா கட்டி அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களைத் தருவது) வந்திருக்கிறது. 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள், மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். பெரிய காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு இந்த வாரம் வேண்டியிருந்தது மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பழைய 'செந்தமிழ்' இதழ் ஒன்று. அதற்கு எந்தச் சந்தாவும் உதவாது, யாராவது ஸ்கேன் செய்து வைத்திருந்தால்தான் உண்டு.

2025 பிப்ரவரி 28

தேசிய அறிவியல் நாள். தம்பிக்கு ஒரு கேள்வி அனுப்பினேன்: ராமன் விளைவுக்கு முதல் ஆசிரியர் யார்?

ஒளி சிதறும்போது அதன் நிறம் மாறுவதை ராமன் குழுவினர் 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் பார்த்தார்கள். மறுநாளே செய்தியாளர்களுக்குச் சொல்லியாயிற்று. மார்ச் 16இல் பெங்களூரில் உரை. மார்ச் 31 நேச்சர் இதழில் கடிதம். உரையைத் தன் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழிலும் அச்சிட்டு உலகெங்கும் அஞ்சலில் அனுப்பினார். ஏன் இந்த ஓட்டம்? மாஸ்கோவில் லாண்ட்ஸ்பர்க்கும் மண்டல்ஷ்தாமும் அதே வாரங்களில் படிகத்தில் அதையே பார்த்துவிட்டார்கள். அவர்கள் கட்டுரை வந்தது சில மாதம் கழித்து. ரஷ்யாவில் இன்றும் அதற்கு வேறு பெயர்தான் வழங்குகிறது. நோபல் 1930இல் ராமனுக்கு.

நேச்சர் கடிதத்தில் இரண்டு பெயர், ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும். பெங்களூர் உரையில் ஒரே பெயர். நோபலிலும் ஒரே பெயர். வத்திராயிருப்புக்காரர் கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

தம்பியின் பதில்: "அதான் சொல்றேன், நாலாவது பேரைக் கேலி பண்ணாதீங்க."

2025 மார்ச் 4

ஒருவர் சோகல் கதையைக் கொண்டுவந்திருக்கிறார். வரும் என்று தெரியும். ஆலன் சோகல் என்ற இயற்பியலாளர் அர்த்தமில்லாத கட்டுரை ஒன்றை அலங்கார மொழியில் எழுதி ஒரு பண்பாட்டு ஆய்விதழுக்கு அனுப்பினார், 1996இல் போட்டுவிட்டார்கள். எங்களுக்கு மானம் போன நாள், மறுக்கவில்லை. ஆனால் 2005இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று பேர், பொத்தானைத் தட்டினால் போலிக் கணினிக் கட்டுரை எழுதித் தரும் நிரல் ஒன்று செய்தார்கள். 2014இல் ஸ்பிரிங்கர், ஐஇஇஇ என்ற இரண்டு பெரிய வெளியீட்டாளர்களும் தங்கள் மாநாட்டுத் தொகுப்புகளிலிருந்து 120க்கு மேற்பட்ட அப்படிப்பட்ட கட்டுரைகளை நீக்க வேண்டிவந்தது. கணக்கு நேர்.

சக ஆய்வாளர் மதிப்பீடு என்பதை ஏதோ ஆதிகாலத்து வேதம் போல அறிவியல்காரர்கள் பேசுவதும் சரியில்லை. நேச்சர் அதை எல்லாக் கட்டுரைக்கும் கட்டாயமாக்கியது 1973இல்தான். டி.என்.ஏ.வின் அமைப்பைச் சொன்ன 1953ஆம் ஆண்டுக் கட்டுரை மதிப்பீட்டாளர் யாரிடமும் போகவில்லை. 1936இல் ஐன்ஸ்டைன் அனுப்பிய கட்டுரையை ஓர் அமெரிக்க இதழ் மதிப்பீட்டுக்குக் கொடுத்தபோது, யாரைக் கேட்டு வெளியாளிடம் காட்டினீர்கள் என்று கோபித்துத் திரும்ப வாங்கிக்கொண்டார். கூத்து என்னவென்றால் மதிப்பீட்டாளர் சொன்னதுதான் சரி. ஐன்ஸ்டைன் முடிவை மாற்றி வேறு இதழில் வெளியிட்டார்.

நம்மிடம் அந்த வேலையை அரங்கேற்றம் செய்தது. தொல்காப்பியருக்கு அதங்கோட்டாசான் முன்னால் உட்கார்ந்து கேள்வி கேட்டார் என்கிறது பாயிரம். முகம் தெரிந்த மதிப்பீட்டாளர், சபை நடுவில். இன்றைய எங்கள் முறை இரண்டு பக்கமும் பெயர் மறைத்தது என்பார்கள். தமிழில் கல்வெட்டு எழுத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இருபது பேர், நடையைப் பார்த்தாலே யார் என்று தெரியும். பெயரை மறைத்து யாரிடமிருந்து ஒளிவது?

2025 மார்ச் 5

உருத்திரசன்மனை மறந்துவிட்டீர்களே என்று கேட்டவருக்கு: மறக்கவில்லை, பயந்தேன். இறையனார் களவியல் என்ற இலக்கண நூலுக்கு நாற்பத்தொன்பது பேர் உரை எழுதிக்கொண்டு வருகிறார்கள், வாய்பேசாத பிள்ளை ஒன்று உட்கார்ந்து கேட்கிறது, நக்கீரர் உரைக்கு மட்டும் சொல்லுக்குச் சொல் கண்ணீர் விடுகிறது. இரண்டாம் மதிப்பீட்டாளர் அறிக்கை எனக்கும் வந்திருக்கிறது. அங்கே கண்ணீர் விட்டது நான்.

2025 மார்ச் 9

சின்ன விஷயம், ஆனால் சிரித்து மாளவில்லை.

தம்பி பிஎச்.டி. சேர்ந்தபோது படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள், அப்பா பெயரைப் போட்டுவிட்டான். அன்றிலிருந்து உலகமெல்லாம் அவனை அப்பா பெயரில்தான் மேற்கோள் காட்டுகிறது. அவன் பெயர் ஒற்றை எழுத்தாகிவிட்டது. அப்பா தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைய தேதிக்கு அவருக்கு முந்நூற்றுச் சொச்சம் மேற்கோள். காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். "பென்ஷன்ல ஏதாச்சும் ஏறுமா?" என்றார்.

எனக்கு? தேடுபொறியில் என் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது. முதலெழுத்தை முன்னால் போட்டு, பின்னால் போட்டு, புள்ளி வைத்து, வைக்காமல் எல்லாம் பார்த்தேன். என் புத்தகத்தை எடுத்தாண்டவர்கள் அடிக்குறிப்பில், தமிழில், அச்சுப் புத்தகத்தில் எடுத்தாண்டிருக்கிறார்கள். எந்த இயந்திரமும் அந்தப் பக்கம் வருவதில்லை.

2025 மார்ச் 23

கேள்வி கேட்டவர் கடைசியாக ஒரு வரி போட்டிருக்கிறார்: "எல்லாம் சரி மேடம், இந்த ஆண்டு உங்களுடையது எத்தனை?"

ஒன்று. மதிப்பீட்டில் இருக்கிறது, பதினாலு மாதமாக. பத்து மாதம்தான் காத்திருப்பு. மீதி நாலு மாதம் திருத்தங்களை ஒத்திப்போட்டது நான். சோம்பல் என்று நீங்கள் சொன்னதில் அந்த நாலு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், தருகிறேன்.

இன்னொரு செய்தி. நேற்று என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் படம் ஒன்று அனுப்பினாள். வேறொரு ஊரில், வேறொரு கருத்தரங்கத் தொகுப்பு. யாரோ ஓர் ஆய்வு மாணவர் சங்க இலக்கியப் போர்கள் பற்றி எழுதியிருக்கிறார். "தலையாலங்கானத்துப் போரைப் புறம் 192 விரிவாகப் பாடுகிறது" என்ற வரிக்கு அடிக்குறிப்பு. அடிக்குறிப்பில் நான்: பெயர், கட்டுரைத் தலைப்பு, ஆண்டு, பக்க எண் எல்லாம் பிசகில்லாமல். தொகுப்பு இணையத்திலும் இருக்கிறது, எண்ணும் இயந்திரமும் எடுத்துக்கொண்டுவிட்டது.

தம்பிக்கு அனுப்பினேன். "வாழ்த்துகள் அக்கா, முதல் சைட்டேஷன்" என்று பதில் வந்தது.

அந்த மாணவரின் மின்னஞ்சலைத் தேடிப் பிடித்து எழுதிவிட்டேன். பக்கம் 214, வரி 9. பிழை: புறம் 192. திருத்தம்: புறம் 19.